ஒரு விண்மீனின் ஒளி மாறுவதை மொட்டை மாடியிலிருந்து அளப்பது எப்படி?

எட்டு சனிக்கிழமை தொடர்ந்து ஒரே விண்மீனைப் பார்த்தேன். ஏழு நாளுக்கு ஒருமுறை மங்கிப் பிரகாசிக்கும் என்று படித்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன். என் நோட்டில் 3.9, 3.9, 3.8, 3.9, 3.8, 3.8, 3.7, 3.7 என்று எழுதியிருந்தது. மாற்றம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. என் கண்ணில் கோளாறு, அல்லது தப்பான விண்மீனைப் பார்க்கிறேன் என்று முடிவு கட்டி நோட்டை மூடி வைத்துவிட்டேன். கோளாறு இரண்டிலும் இல்லை என்பது அடுத்த வருடம்தான் புரிந்தது. அது என்ன என்று 6-ஆம் படியில் சொல்கிறேன். அப்படி ஒரு பருவம் உங்களுக்கும் வீணாகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தொலைநோக்கி வேண்டாம், கேமரா வேண்டாம், வானியல் பட்டம் வேண்டாம். கண், ஒரு பைனாகுலர், ஒரு நோட்டு இருந்தால் ஒரு விண்மீனின் ஒளிவளைவை நீங்களே வரையலாம். நாள் ஒரு பக்கம், பிரகாசம் ஒரு பக்கம் வைத்துப் போடும் வரைபடம்தான் ஒளிவளைவு.

1. முதல் விண்மீனைத் தேர்ந்தெடுங்கள்: ஈட்டா அக்விலே

மாறும் விண்மீன்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. பட்டியலைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்க்க ஆசை வரும். முதல் வருடம் ஒன்றே ஒன்று போதும். தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ பார்ப்பவர்களுக்கு நான் சொல்வது கழுகு விண்மீன் கூட்டத்தில் இருக்கும் ஈட்டா அக்விலே.

இது செபீடு வகை. விண்மீனே வீங்கிச் சுருங்குகிறது, அதனோடு சூடும் ஏறி இறங்குகிறது, ஒளி மாறுகிறது. ஒரு சுற்று முடிய 7.177 நாள். மிகப் பிரகாசமாக இருக்கும்போது 3.5, மிக மங்கும்போது 4.4. இந்த எண்ணை மேக்னிட்யூட் என்பார்கள். எண் ஏற ஏற விண்மீன் மங்கல். இது தலைகீழ்க் கணக்கு என்பதை முதல் நாளே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஏறத்தாழ ஒரு மேக்னிட்யூட் வித்தியாசம் என்பதால் பழகாத கண்ணுக்கும் பிடிபடும்.

இதை நான் சொல்வதற்கு இன்னொரு காரணம், நம் ஊரில் அது நிற்கும் இடம். செப்டம்பர் மூன்றாம் வாரம் இரவு எட்டு மணிக்கு அது கிட்டத்தட்ட உச்சிக்கு வந்துவிடும். உச்சியில் இருப்பதைப் பார்க்கும்போது காற்று மண்டலத்தின் குறுக்கீடு மிகக் குறைவு. ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது.

2. செலவும் தேவையானவையும்

பைனாகுலர்: 7×50 அல்லது 10×50. நான் 10×50 வாங்கியபோது 7,500 ரூபாய் ஆனது. கடையில் பெரிய எண்ணைக் காட்டி 20×50 தருகிறேன் என்பார்கள், வாங்காதீர்கள். கையில் பிடித்தால் நடுங்கும், பார்வைப் பரப்பும் சுருங்கிவிடும். நமக்கு வேண்டியது பரப்பு. உடலிலேயே அது டிகிரியில் அச்சிட்டிருக்கும். ஆறு டிகிரிக்குக் குறையாமல் பாருங்கள். கிராமத்தில் இருட்டு வானம் இருக்கிறது என்றால் பைனாகுலரே வேண்டாம், வெறுங்கண் போதும். சென்னை, கோவை மாதிரி ஊர்களில் 4-க்கு மேல் மங்கிய விண்மீன் வெறுங்கண்ணுக்குத் தெரிவது கஷ்டம்.

பாய்: நாற்காலி வேண்டாம். உச்சியைப் பார்க்கக் கழுத்தை வளைத்தால் பத்து நிமிடத்தில் கவனம் சிதறிவிடும்.

சிவப்பு வெளிச்சம்: டார்ச் முகப்பில் சிவப்பு கண்ணாடிக் காகிதம் இரண்டு மடிப்பு ஒட்டினால் ஆயிற்று. பத்து ரூபாய்.

நோட்டு, பென்சில்: பேனா பனியில் எழுதாது.

மொத்தச் செலவில் முக்கால்வாசிக்கு மேல் பைனாகுலர்தான். முதலில் யாரிடமாவது இரவல் வாங்கிப் பாருங்கள்.

3. பதிவு: காசு வேண்டாம், அடையாள அட்டை வேண்டாம்

உங்கள் அளவீடு ஆராய்ச்சியாளர்களுக்குப் போய்ச் சேர வேண்டுமானால் ஏஏவிஎஸ்ஓ என்ற அமெரிக்க மாறும் விண்மீன் நோக்கர் சங்கத்தில் கணக்குத் தொடங்க வேண்டும். 1911 முதல் உலகம் முழுவதிலுமிருந்து அளவீடுகளைச் சேர்த்து வைக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். பெயர், மின்னஞ்சல் கொடுத்துக் கணக்கு திறந்ததும் நோக்கர் குறியீடு ஒன்றைக் கேட்டு விண்ணப்பியுங்கள். சில எழுத்துகள் கொண்ட அந்தக் குறியீடு வாழ்நாள் முழுக்க உங்களுடையது.

இங்கே பலரும் தடுக்கி நிற்கும் இடம் ஒன்று உண்டு. உறுப்பினர் சந்தா வேறு, அளவீடு அனுப்புவது வேறு. தளத்தில் சந்தா டாலரில் தெரிந்ததும் 'இது நமக்கு ஆகாது' என்று திரும்பிவிடுகிறார்கள். அளவீடு அனுப்பவும், வரைபடம் எடுக்கவும், மற்றவர்களின் அளவீடுகளை இறக்கிக்கொள்ளவும் ஒரு பைசா வேண்டாம். சந்தா கட்டுவது விருப்பம்.

குறியீடு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்றே பார்க்கத் தொடங்கி நோட்டில் எழுதி வையுங்கள், பழைய அளவீடுகளைப் பிறகு ஏற்றலாம்.

4. வரைபடம் எடுங்கள்

அதே தளத்தில் வரைபடம் தரும் கருவி இருக்கிறது. விண்மீன் பெயரைக் கொடுத்து, மிக அகலமான அளவைத் தேர்ந்தெடுத்து அச்சிடுங்கள். இந்தத் தாளில் மூன்றைக் கவனியுங்கள்.

விண்மீன்களுக்குப் பக்கத்தில் 32, 37, 44 என்று எண்கள் இருக்கும். அவை 3.2, 3.7, 4.4. புள்ளியை விண்மீன் என்று நினைத்துக் குழம்பக்கூடும் என்பதால் அதைப் போடுவதில்லை. எண் போட்ட விண்மீன்கள்தான் ஒப்பு விண்மீன்கள். அவற்றின் ஒளி மாறாது, அளவும் சரிபார்த்தது. எண் போடாத விண்மீனோடு எக்காரணம் கொண்டும் ஒப்பிடாதீர்கள். இதை மீறியதால் எனக்கு என்ன ஆயிற்று என்பது 9-ஆம் படியில்.

மூன்றாவது, தாளின் மூலையில் இருக்கும் வரைபட எண். அளவீடு அனுப்பும்போது அதைக் கேட்பார்கள். தாளைக் கிழித்துச் சின்னதாக்கும்போது மூலையை வெட்டிவிடாதீர்கள்.

5. விண்மீனைக் கண்டுபிடித்து அளப்பது

இந்தப் படிக்கு அவசரம் கூடாது. முதல் மூன்று இரவு கண்டுபிடிப்பதற்கு மட்டும், அளக்க வேண்டாம்.

திருவோணம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். நடுவில் பிரகாசமாக ஒன்று, இரு பக்கமும் மங்கலாக ஒவ்வொன்று என்று மூன்று விண்மீன் ஒரே கோட்டில் நிற்கும். நடுவில் இருப்பது ஆல்டேர். பாயில் தெற்கே கால் நீட்டிப் படுங்கள். மூன்றில் தெற்குப் பக்கம் இருப்பது பீட்டா அக்விலே, 3.7. கையை முழுக்க நீட்டி நடு மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்தால் அந்த அகலம் ஏறத்தாழ ஐந்து டிகிரி. பீட்டாவிலிருந்து மூன்று விரல் தெற்கே இறங்கினால் ஈட்டா.

இப்போது ஈட்டாவை நடுவில் வைத்துப் பாருங்கள். மேலே மூன்று விரல் தூரத்தில் பீட்டா, 3.7. இடப்பக்கம் சற்றுக் கீழாக அதே தூரத்தில் தீட்டா, 3.2. வலப்பக்கம் சற்றுக் கீழாக அதே தூரத்தில் அயோட்டா, 4.4. மூன்று ஒப்பு விண்மீன், நடுவில் நம் விண்மீன். அடுப்பு கூட்டிய மூன்று கல்லுக்கு நடுவே வைத்த மாதிரி இருக்கும். ஈட்டா எப்போதும் இந்த மூன்று எண்களுக்குள்ளேயே ஏறி இறங்குவதால்தான் இதைவிட நல்ல முதல் விண்மீன் இல்லை என்கிறேன்.

அளக்கும் முறை இது. இருபது நிமிடம் இருட்டில் இருந்து கண்ணைப் பழக்குங்கள். அதற்குள் ஒருமுறை போன் திரையைப் பார்த்தாலும் மறுபடி முதலிலிருந்துதான். பிறகு கேளுங்கள்: ஈட்டா தீட்டாவைவிட மங்கலா? ஆம். பீட்டாவைவிட பிரகாசமா? ஆம். அப்படியானால் 3.2-க்கும் 3.7-க்கும் நடுவில். எந்தப் பக்கம் நெருக்கம்? இடைவெளியை ஐந்து பங்காக நினையுங்கள். தீட்டாவிலிருந்து இரண்டு பங்கு தள்ளி என்று தோன்றினால் 3.4. சரிபாதி என்று தோன்றினால் 3.4 அல்லது 3.5, எது மனதுக்குப் படுகிறதோ அது. ஒரு தசமம் போதும். 3.45 என்று எழுதாதீர்கள், கண்ணுக்கு அந்தத் துல்லியம் கிடையாது.

கண் ஏமாற்றும் வழிகள் இரண்டு. இரண்டு விண்மீன் ஒன்றின் மேல் ஒன்றாக நின்றால் நம் கண் ஒன்றைக் கூடுதல் பிரகாசமாகக் காட்டும். ஆகவே எந்த இரண்டை ஒப்பிடுகிறீர்களோ அவற்றை இணைக்கும் கோடு உங்கள் இரு கண்களுக்கும் இணையாக வரும்படி படுங்கள். தீட்டாவோடு ஒப்பிட்ட பிறகு பீட்டாவோடு ஒப்பிட நான் பாயோடு கால்வட்டம் திரும்பிக்கொள்வேன். அப்படித் திரும்பியதும் 3.6 என்று நினைத்தது 3.8 ஆன இரவுகள் உண்டு.

அடுத்தது, முறைத்துப் பார்ப்பது. ஒன்றையே உற்றுப் பார்க்காமல் இதற்கும் அதற்கும் சட்டென்று கண்ணை மாற்றி மாற்றிப் பாருங்கள். பைனாகுலரில் குவியத்தைக் கொஞ்சம் கலைத்து விண்மீன்களைச் சின்னச் சின்ன வட்டமாக்கினால் ஒப்பிடுவது இன்னும் எளிது. பார்வைப் பரப்பின் ஓரத்தில் ஒளி குறையும் என்பதால் ஒவ்வொன்றையும் நடுவுக்குக் கொண்டுவந்து பார்ப்பது நல்லது.

பழகிய பிறகு எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம்.

6. எந்த நாள், எத்தனை நாள்: சனிக்கிழமைப் பொறி

நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். வார இறுதியில் ஊருக்குப் போகும்போது மட்டும் பார்த்தேன். வாரத்துக்கு ஏழு நாள், விண்மீனின் சுற்று 7.177 நாள். அதாவது ஒவ்வொரு சனிக்கிழமையும் அது தன் சுற்றில் ஏறக்குறைய அதே இடத்தில் இருக்கும்போதுதான் நான் போய்ப் பார்த்திருக்கிறேன். வாரத்துக்கு வாரம் சுற்றில் பின்னோக்கி நகர்வது 0.177 நாள், நாலேகால் மணி நேரம். சனிக்கிழமை மட்டுமே பார்த்து முழுச் சுற்றையும் பிடிக்க வேண்டுமானால் நாற்பது வாரம் ஆகும். அதற்குள் விண்மீன் சூரியனுக்குப் பின்னால் போய்விடும். என் எட்டு வாரத்தில் மங்கி வரும் பகுதியின் ஒரு துண்டைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். 3.9 மெதுவாக 3.7 ஆனதுகூட உண்மையான மாற்றம்தான். எனக்கு அப்போது அதைப் படிக்கத் தெரியவில்லை.

எனவே சீரான இடைவெளியில் பார்க்காதீர்கள். திங்கள், புதன், வியாழன், ஞாயிறு என்று கலைந்து இருக்கட்டும். இரவுக்கு ஒரு அளவீடு போதும். ஒரு பருவத்தில் 25 முதல் 30 இரவு சேர்ந்தால் நல்ல வளைவு வரும். ஊருக்குப் போக முடியாத நாட்களில் சென்னை மாடியிலிருந்து பைனாகுலரில் பார்த்தே இதைச் செய்தேன், வந்தது.

நல்ல காலம் ஆகஸ்ட் முதல் நவம்பர் நடு வரை, சாயங்காலம் ஏழரை முதல் ஒன்பதரை. அக்டோபர் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும் என்பதால் ஆகஸ்ட், செப்டம்பரை விடாதீர்கள். சாயங்காலம் இடிமழை பெய்து ஒன்பது மணிக்கு வானம் கழுவிவிட்ட மாதிரி தெளியும் இரவுகள் அப்போது நிறைய வரும், அவைதான் மிகச் சிறந்தவை. மெல்லிய மேகம் ஊடாடினால் அளக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத மேகம் ஒரு ஒப்பு விண்மீனை மட்டும் அரை மேக்னிட்யூட் மங்கச் செய்துவிடும். நிலா இருந்தால் பரவாயில்லை, குறித்து வையுங்கள்.

7. நேரத்தை எழுதுவது

வானியலில் ஜூலியன் நாள் என்ற தொடர் எண்ணைப் பயன்படுத்துகிறார்கள். பார்த்தால் பயமுறுத்தும்: 2461285.125. இந்திய, இலங்கை நேரத்தில் இருப்பவர்களுக்கு இது மிக வசதி. புதிய ஜூலியன் நாள் பிறப்பது உலக நேரம் நண்பகல் 12 மணிக்கு, அதாவது நமக்குச் சரியாக மாலை 5.30. நம் இரவு முழுக்க ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடும். நள்ளிரவு தாண்டித் தேதி மாறினாலும் எண் மாறாது.

2026 செப்டம்பர் 1 மாலை 5.30-க்கு எண் 2461285. செப்டம்பர் 2 என்றால் 2461286, இப்படியே ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். தசமத்துக்கு, 5.30 கழிந்து எத்தனை மணி நேரம் ஆயிற்றோ அதை 24-ஆல் வகுங்கள். இரவு 8.30 என்றால் மூன்று மணி, 0.125. இரவு 9.30 என்றால் 0.167. இரவு 11.30 என்றால் 0.25.

முதல் மாதம் நான் நம் கடிகார நேரத்தை அப்படியே உலக நேரம் என்று ஏற்றிவிட்டேன். ஐந்தரை மணி நேரப் பிழை. ஈட்டாவில் அது பெரிதாகத் தெரியாது. ஆனால் சில மணி நேரத்தில் மங்கி எழும் விண்மீன்களில் அளவீடே பாழ். அனுப்பியதை நாமே திருத்தலாம், நீக்கலாம், திருத்தினேன்.

8. அனுப்புவதும் வரைவதும்

அனுப்பும் படிவத்தில் கேட்பவை: விண்மீன் பெயர், நேரம், நீங்கள் கண்ட மேக்னிட்யூட், பயன்படுத்திய இரண்டு ஒப்பு விண்மீன்களின் எண்கள், வரைபட எண். கடைசியில் குறிப்பு எழுத்து ஒன்று: நிலா அல்லது ஊர் வெளிச்சம் என்றால் பி, மேகமோ புகையோ இருந்தால் யு, விண்மீன் அடிவானத்துக்கு அருகே என்றால் எல், அளவில் சந்தேகம் என்றால் இசட். சந்தேகத்தை மறைக்காமல் எழுதுங்கள், அதை மதித்தே ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

இங்கே ஒரு கட்டுப்பாடு வேண்டும். அளப்பதற்கு முன் நேற்று எழுதியதையும் தளத்தில் மற்றவர்கள் போட்டதையும் பார்க்காதீர்கள். 'இன்று 3.6 இருக்க வேண்டும்' என்று மனம் சொல்லிவிட்டால் கண் 3.6 தான் பார்க்கும். நான் ஒவ்வொரு இரவும் புதுப் பக்கத்தில் எழுதி, முந்தைய பக்கங்களை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவிடுவேன். அனுப்பிய எண்ணை மற்றவர்களோடு ஒத்துப்போக மாற்றாதீர்கள்.

இருபது அளவீடு சேர்ந்ததும் ஒரு கிராப் தாள் எடுங்கள். நீங்கள் பார்த்ததில் மிகப் பிரகாசமான இரவைத் தொடக்கமாக வையுங்கள். உதாரணத்துக்கு அது 2461285.125 என்போம். இன்னொரு அளவீடு 2461301.167. வித்தியாசம் 16.042 நாள். அதில் முழுச் சுற்றுகளைக் கழியுங்கள்: இரண்டு சுற்று 14.354 நாள். மிச்சம் 1.688. அப்படியானால் அந்தப் புள்ளி உச்சத்துக்குப் பின் 1.7-ஆம் நாளில் விழ வேண்டும். எல்லா அளவீட்டையும் இப்படி ஒரே சுற்றுக்குள் மடித்து, மேக்னிட்யூட் சின்ன எண் மேலே வரும்படி வையுங்கள்.

வெவ்வேறு வாரங்களின் புள்ளிகள் ஒரே கோட்டின் மேல் வந்து உட்காரும். வேகமாக ஏறும், மெதுவாக இறங்கும். என் தாளில் முப்பத்தோராவது புள்ளியை வைத்தபோது மணி இரவு பதினொன்று; வீட்டில் எல்லோரையும் எழுப்பிக் காட்டினேன். அந்த எட்டு சனிக்கிழமைப் புள்ளிகளையும் தேடி எடுத்து வைத்தேன். இறங்கும் கோட்டில் ஒரே இடத்தில் கொத்தாக, அதுவும் சரியான உயரத்தில் உட்கார்ந்தன. கண் பிசகவேயில்லை.

9. அடுத்த விண்மீன்கள்

மழை ஓய்ந்து டிசம்பர் கடைசியில் வானம் திறக்கும்போது இரண்டு காத்திருக்கும்.

திருவாதிரை, அதாவது பெட்டல்ஜூஸ். வழக்கமாக 0.5-ஐ ஒட்டி இருப்பது 2020 பிப்ரவரியில் 1.6 வரை மங்கியது. அது கக்கிய வாயுவிலிருந்து உருவான தூசி மறைத்ததும் அதற்கு ஒரு காரணம். மெதுவாக மாறுவது என்பதால் வாரம் ஒருமுறை போதும், இங்கே சனிக்கிழமை பார்ப்பதில் தப்பில்லை. ஒப்பிட ரோகிணி 0.9, புனர்பூசத்தின் பொல்லக்ஸ் 1.1, புரோசியான் 0.4, ஓரியனின் தோளிலுள்ள பெல்லாட்ரிக்ஸ் 1.6. இவை தூரத் தூர இருப்பதால், ஒப்பிடும் இரண்டும் வானத்தில் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு வரும் நேரமாகப் பாருங்கள். இது சிவப்பு விண்மீன். உற்றுப் பார்க்கப் பார்க்கப் பிரகாசம் கூடுவது போலத் தோன்றும். சட்டென்று ஒரு பார்வை, அவ்வளவுதான்.

அல்கோல் வேறு மாதிரி. ஒன்றையொன்று சுற்றும் இரண்டு விண்மீன்களில் மங்கலானது பிரகாசமானதை மறைக்கிறது. 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை 2.1-லிருந்து 3.4-க்கு விழுந்து எழும். மங்க ஐந்து மணி, எழ ஐந்து மணி. கிரகண நேரத்தைத் தளத்தில் முன்கூட்டியே பார்த்து, நம் ஊரில் இரவில் வரும் நாளைத் தேர்ந்தெடுத்து, அரை மணிக்கு ஒருமுறை அளக்க வேண்டும். பக்கத்திலேயே ரோ பெர்சி என்ற விண்மீன் வசதியாக நிற்கும். அதை ஒப்பு விண்மீனாக வைத்துக்கொண்டு ஒரு சீசன் முழுக்க அளந்தேன். ரோ பெர்சியும் மாறும் விண்மீன், 3.3-க்கும் 4.0-க்கும் நடுவே அலைவது. அந்தப் பக்கங்களை அப்படியே அடித்துவிட்டேன். ஒப்பிட மிர்ஃபாக் 1.8, எப்சிலான் பெர்சி 2.9, டெல்டா பெர்சி 3.0 இருக்கின்றன.

டிஎஸ்எல்ஆர் கேமரா வைத்திருப்பவர்கள் கேமராவிலேயே நூற்றில் சில பங்கு மேக்னிட்யூட் வரை அளக்கலாம். ராவ் கோப்பாக, குவியத்தைச் சற்றுக் கலைத்து எடுக்க வேண்டும். பச்சை நிறத் தரவை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும். ஏஏவிஎஸ்ஓ தளத்தில் அதற்கான கையேடு இலவசமாகக் கிடைக்கிறது. ஆனாலும் ஒரு பருவமாவது கண்ணால் அளந்துவிட்டு அதற்குப் போங்கள். நவம்பர் மழையில் வானமே தெரியாத வாரங்களில் அந்தக் கையேட்டைப் படிக்கலாம், ஜனவரிக்கான வரைபடங்களை அச்சிட்டு வைக்கலாம்.